அரிட்டாபட்டிக்குப் போகுமுன்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

டங்ஸ்டன் சுரங்கப் போராட்டத்துக்குப் பிறகு, மதுரை மாவட்டம் மேலூர்ப் பக்கத்து ஊரான அரிட்டாபட்டியின் பெயர் தமிழ்நாடு முழுக்கத் தெரிந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமையானால் கார்கள், பைக்குகள், கல்லூரி வேன்கள். "போகலாமா, ஏறலாமா, படம் எடுக்கலாமா" என்று ஒரே மாதிரியான கேள்விகள் திரும்பத் திரும்ப வருவதால் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் தொகுத்திருக்கிறேன். கேள்விகளைக் கேட்டவர்கள் சொன்னபடியே விட்டிருக்கிறேன். எளியவை முதலில், சிக்கலானவை பின்னால்.

அரிட்டாபட்டியில் அப்படி என்னதான் இருக்கு? வெறும் பாறைக்குன்று மாதிரிதானே தெரியுது?

தூரத்திலிருந்து பார்த்தால் மொட்டைப் பாறைகள்தான். மொத்தம் ஏழு குன்றுகள். இந்தப் பாறைகளில் விழும் மழைதான் வழிந்து அடிவாரத்துக் கண்மாய்களை நிரப்புகிறது. 72 ஏரி, கண்மாய்களும் 200 இயற்கை ஊற்றுகளும் 3 தடுப்பணைகளும் இங்கே இருப்பதாக அரசு அறிவிப்பு சொல்கிறது. ஆனைகொண்டான் கண்மாய் பாண்டியர் பெயரோடு சேர்த்துச் சொல்லப்படுவது. சுமார் 250 வகைப் பறவைகள் பதிவாகியிருக்கின்றன. லகர் வல்லூறு, ஷாகின் வல்லூறு, ராசாளிக் கழுகு ஆகிய மூன்று வேட்டைப் பறவைகளும் அவற்றில் அடக்கம். எறும்புதின்னியும், இரவில் நடமாடும் சிறு விலங்கான தெய்வாங்கும், மலைப்பாம்பும் இருக்கின்றன.

குன்றுக்குள் போனால் வேறொரு உலகம். சமணத் துறவிகள் தங்கிய குகைத்தளம், அதன் நெற்றியில் தமிழி (தமிழ் பிராமி) எழுத்து, 9, 10ஆம் நூற்றாண்டு வாக்கில் செதுக்கிய தீர்த்தங்கரர் உருவம், அதன் கீழே வட்டெழுத்து. கழிஞ்சமலையில் முற்காலப் பாண்டியர் குடைந்த சிவன் கோயில். ஊரார் அதை இடைச்சி மண்டபம் என்பார்கள். சிவனின் ஒரு வடிவமாகக் கருதப்படும், தமிழ்நாட்டில் அரிதாகவே காணக்கிடைக்கும் லகுலீசர் உருவம் அங்கே இருக்கிறது. 2022 நவம்பரில் அரிட்டாபட்டியையும் பக்கத்து மீனாட்சிபுரத்தையும் சேர்த்துச் சுமார் 193 ஹெக்டேரைத் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அரசு அறிவித்தது. ஏறக்குறைய 477 ஏக்கர்.

எப்படிப் போறது? எந்த மாசம் நல்லது?

மதுரையிலிருந்து சுமார் 25 கிலோமீட்டர். அழகர்கோவிலுக்கும் மேலூருக்கும் இடைப்பட்ட பகுதி. மழை முடிந்த கையோடு, மார்கழி, தை வாக்கில் போனால் கண்மாய்கள் நிரம்பிக் கிடக்கும். விடிந்ததும் ஏறி, வெயில் உறைக்கும் முன் இறங்கிவிடுவது உத்தமம். பாறை பத்து மணிக்கே கொதிக்கத் தொடங்கிவிடும், ஒதுங்க நிழல் கிடையாது.

வண்டியைக் கண்மாய்க் கரையில் ஏற்றாதீர்கள். மண்கரை அது. ஈரமான நேரத்தில் நாலு கார் ஏறி இறங்கினால் தடம் விழுந்து, அடுத்த மழையில் அதே தடத்தில் தண்ணீர் அரிக்கும். உடைப்பு எடுத்தால் கீழே இருக்கும் வயல்கள் போகும். ஊருக்குள்ளேயே ஓரமாக நிறுத்திவிட்டு நடந்து போவதுதான் முறை.

டிக்கெட், அனுமதி ஏதாவது உண்டா? நாமபாட்டுக்குப் போய் ஏறிடலாமா?

கேட் வைத்த பூங்கா இல்லை இது. குன்றைச் சுற்றி வயலும் தோப்பும் வீடும் கோயிலும் இருக்கிற ஊர். வெளியூரில் யார் வீட்டுக்குப் போனாலும் வாசலில் நின்று குரல் கொடுப்போம் அல்லவா? அதேபோல ஊரில் இருப்பவர்களிடம் "மலையைப் பார்க்க வந்திருக்கோம்" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு ஏறுங்கள். எந்தப் பாதை வழுக்கும், எங்கே தேன்கூடு இருக்கிறது, எந்தக் கோயிலில் இன்றைக்குப் பூசை என்று அவர்களுக்குத்தான் தெரியும்.

பத்துப் பேருக்கு மேல் வருவதாக இருந்தால் முன்கூட்டியே ஊராட்சியில் பேசிவிடுங்கள். கூடவே ஊர்க்காரர் ஒருவரை வழிகாட்டியாக அழைத்துப் போய், அவருடைய அரைநாள் கூலியைக் கொடுங்கள். ஆடு மேய்த்தபடி அந்தப் பாறையிலேயே வளர்ந்த ஒருவர் காட்டித் தருவது எந்தக் கையேட்டிலும் கிடைக்காது.

செருப்பு போட்டுக்கிட்டு ஏறலாமா?

பாறையில் போடலாம். கோயில் இருக்கிற இடங்களில் கழற்ற வேண்டும். எந்த இடத்தில் தொடங்கிக் கழற்ற வேண்டும் என்பதை வழிகாட்டியிடமோ எதிரே வரும் ஊர்க்காரரிடமோ கேளுங்கள். சில தெய்வங்களுக்குக் கட்டடம் கிடையாது. ஒரு மரமும் நட்டுவைத்த கல்லும்தான் இருக்கும். அதன்மேல் உட்கார்ந்து டிபன் பிரிப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். தெரியாமல் செய்வதுதான், ஆனாலும் ஊருக்கு அது ஆறாத மனக்குறை.

கல்வெட்டு சரியா தெரியலை. சாக்பீஸ் தேய்ச்சா படத்துல நல்லா விழுமே?

தயவுசெய்து வேண்டாம். அந்த எழுத்துகளின் ஆழம் மிகக் குறைவு. உளி பட்ட கோடு, அதைச் சுற்றி இரண்டாயிரம் ஆண்டு வெயிலும் மழையும் பட்டுப் படிந்த மேல்தோல். சாக்பீஸ் தூள் கோட்டுக்குள் அடைந்துகொள்ளும். அடுத்து வருபவர் அதைத் துடைக்கிறேன் என்று துணியாலோ பிரஷ்ஷாலோ தேய்ப்பார். தேய்க்கத் தேய்க்க எழுத்தின் விளிம்பு மழுங்கும். அதைவிட மோசம், நமக்குப் புரியாத எழுத்தை நாம் நினைத்தபடி கோடு போட்டுக் காட்டுவது. அதற்கப்புறம் எல்லோரும் அந்தத் தவறான வடிவத்தைத்தான் படம் எடுப்பார்கள்.

எழுத்தைப் பார்க்க நல்ல வழி, பக்கவாட்டு வெளிச்சம். காலையிலோ சாயங்காலத்திலோ வெயில் சாய்வாக விழும்போது கோடுகளில் நிழல் விழுந்து எழுத்து தானே எழுந்து நிற்கும். நேரம் தப்பிவிட்டால் டார்ச்சைப் பாறையோடு ஒட்டிச் சாய்த்துப் பிடித்தால் போதும். நெல்வேலியைச் சேர்ந்த செழியன் அதினன் வெளியன் என்பவர் இந்தக் குகையைச் செய்வித்தார் என்று அங்கே இருக்கிறது. குகையின் நெற்றியை நிமிர்ந்து பாருங்கள், மழைத்தண்ணீர் உள்ளே வழியாமல் இருக்கக் காடி வெட்டியிருப்பார்கள். எழுத்து இன்னும் நிற்பதற்கு அந்தக் காடியும் ஒரு காரணம்.

இந்த வட்டாரத்துக் குன்றுகளில் காவி நிறப் பாறை ஓவியங்களும் உண்டு. அவற்றின்மேல் தண்ணீர் தெளித்தால் நிறம் ஒரு நிமிடம் பளிச்சென்று தெரியும். காயும்போது பாறைக்குள்ளிருந்து உப்பு வெளியே வந்து ஓவியத்தின்மேல் வெள்ளையாகப் படியும், நாளடைவில் நிறமே உதிரும். அதையும் செய்ய வேண்டாம்.

மீனாட்சிபுரத்துக் கல்வெட்டும் இதுவும் ஒண்ணுதானா?

இல்லை. மீனாட்சிபுரம் ஓவாமலையில் இருப்பவைதான் மாங்குளம் கல்வெட்டுகள் என்று பாடப்புத்தகத்தில் வருபவை. 1882இல் ராபர்ட் சீவல் அவற்றைக் கண்டெடுத்தார். பாண்டியன் நெடுஞ்செழியன் பெயர் அங்கேதான் வருகிறது. இரண்டும் ஒரே பாரம்பரியத் தலத்துக்குள் இருப்பதால் குழப்பம் வருகிறது. இரண்டையும் ஒரே காலையில் பார்த்துவிட வேண்டும் என்று ஓடாதீர்கள்.

குடைவரைக் கோயில்ல விளக்கு ஏத்தி, சூடம் காட்டலாமா?

ஊர்க்காரர்கள் கும்பிடும் முறை அவர்களுடையது, அதில் நாம் தலையிட வேண்டியதில்லை. வெளியிலிருந்து போகிறவர்கள் கைகூப்பிக் கும்பிட்டாலே போதும் என்பது என் கருத்து. மூடிய குடைவரைக்குள் சூடப்புகை போக வழி இல்லை, கூரையிலும் சிலைகளிலும் கரியாக ஒட்டிக்கொள்ளும். எண்ணெய் பாறைத் துளைகளுக்குள் இறங்கித் தூசியைப் பிடித்து வைக்கும். லகுலீசர் மீதும் துவாரபாலகர் மீதும் விபூதி, சந்தனம் பூசவும் வேண்டாம். ஒருவர் பூசினால் அடுத்தவர் அதைப் பார்த்துப் பூசுவார்.

சுனையில குளிக்கலாமா? தண்ணி அவ்வளவு தெளிவா இருக்கே!

குளிக்காதீர்கள். சுனை ஓடுகிற தண்ணீர் இல்லை, பாறைக் குழியில் தேங்கி நிற்பது. ஒரு ஷாம்பு பாக்கெட்டின் நுரை அடுத்த மழை வரைக்கும் வெளியே போகாது. கோடையில் குன்றின்மேல் இருக்கும் பறவை, குரங்கு, கீரி எல்லாவற்றுக்கும் அதுதான் தண்ணீர். குனிந்து கொஞ்ச நேரம் உற்றுப் பாருங்கள். தவளைக் குஞ்சுகளும் தண்ணீர்ப் பூச்சிகளும் அடியில் பாசியை மேய்ந்துகொண்டிருக்கும். நம் தோலில் பூசியிருக்கும் சன் ஸ்கிரீனும் கொசு மருந்தும் அவற்றுக்கு ஆகாது.

குடிக்கத் தண்ணீரை வீட்டிலிருந்தே எவர்சில்வர் பாட்டிலில் எடுத்து வாருங்கள். சாப்பாட்டுப் பொட்டலத்தின் பிளாஸ்டிக் தாளைப் பாறை இடுக்கில் செருகிவிட்டு வருகிறார்கள், கண்ணில் படாதாம். மழை வந்தால் அது நேராகக் கண்மாய் மடையில் போய் அடைக்கும். கொண்டுவந்ததைக் கையோடு திருப்பி எடுத்துப் போங்கள், ஊர்க் குப்பைத்தொட்டியில்கூடப் போட வேண்டாம். அந்த ஊராட்சியில் இருப்பது ஊருக்குப் போதுமான துப்புரவுப் பணியாளர்கள், நம் குப்பைக்கும் சேர்த்து அல்ல.

வல்லூறு கூட்டைக் கிட்டக்க படம் எடுக்கணும். எவ்வளவு தூரம் வரை போகலாம்? ட்ரோன் விட்டா?

கூட்டைத் தேடிப் போகவே வேண்டாம். இந்தப் பறவைகள் செங்குத்தான பாறை முகப்பில், பெரும்பாலும் பனிக்காலம் தொடங்கிக் கோடையின் முன்பகுதி வரை குஞ்சு பொரிக்கும். ஆள் நெருங்கினால் தாய்ப்பறவை எழுந்துவிடும். அது திரும்பத் தயங்குகிற நேரத்தில் வெயிலில் முட்டை வெந்துபோகும், காகம் குஞ்சைத் தூக்கிவிடும். பறவை தலையை உயர்த்தி உங்களையே பார்த்தாலோ, கத்தியபடி வட்டமடித்தாலோ நீங்கள் ஏற்கெனவே அளவுக்கு மீறி நெருங்கிவிட்டீர்கள் என்று பொருள். உடனே பின்வாங்குங்கள்.

ட்ரோன் கூடவே கூடாது. வல்லூறு அதைத் தன் எல்லைக்குள் வந்த எதிரியாக நினைத்துப் பாயும், விசிறியில் இறக்கை அடிபடும். இன்னொன்று பலருக்குத் தெரிவதில்லை: 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் 'வேட்டை' என்பதற்கான விளக்கத்திலேயே காட்டுப் பறவையின் முட்டையையோ கூட்டையோ தொந்தரவு செய்வதும் சேர்ந்திருக்கிறது. துப்பாக்கி எடுத்தால்தான் குற்றம் என்பதில்லை.

ராத்திரி டார்ச் அடிச்சு தெய்வாங்கு பார்க்கலாமா?

தனியாகக் குழுச் சேர்த்துப் போகாதீர்கள். தெய்வாங்கின் கண் அரையிருட்டுக்கு ஆனது, பளிச்சென்ற வெள்ளை வெளிச்சம் அடித்தால் கிளையைப் பிடித்தபடி உறைந்துபோய்விடும். நமக்கு அது அழகாகப் போஸ் கொடுப்பதுபோலத் தெரியும். ஆய்வுக்கென்றால் வனத்துறையிடம் அனுமதி பெற்று, சிவப்பு விளக்கோடு போகிற முறை இருக்கிறது. வேடிக்கைக்கென்றால் பகலில் பார்க்கவே இவ்வளவு இருக்கிறதே.

மீன்பிடித் திருவிழாவுக்கு வெளியூர்க்காரங்க வரலாமா?

மேலூர்ப் பக்கத்துக் கண்மாய்களில் கோடையில் தண்ணீர் வற்றும்போது நடக்கும் திருவிழா அது. கரையில் நின்று வெள்ளைத் துண்டை வீசியதும் நூற்றுக்கணக்கானோர் ஒரே நேரத்தில் இறங்குவார்கள். சாதி, ஊர் பார்க்காமல் யாரும் இறங்கலாம் என்பதே அதன் வழக்கம். ஆகவே வரலாம். ஆனால் பிடித்த மீனை வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சமைப்பார்கள், விற்க மாட்டார்கள். வேடிக்கை பார்க்க வந்துவிட்டு விலை பேசாதீர்கள். சேற்றில் நிற்கும் பெண்களைக் கேட்காமல் படம் எடுக்காதீர்கள்.

பாரம்பரியத் தலம்னு அறிவிச்சா இனி ஆடு மேய்க்க, கோயில் கும்பிட வனத்துறை தடை போடும்னு சொல்றாங்களே, நிஜமா?

இதைக் கேட்பவர்கள் பெரும்பாலும் சுற்றுவட்டார ஊர்க்காரர்கள். நியாயமான பயம்தான். சரணாலயமும் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமும் வேறுவேறு சட்டத்தின் கீழ் வருபவை. இந்த அறிவிப்பு 2002ஆம் ஆண்டு பல்லுயிர்ச் சட்டத்தின் 37ஆவது பிரிவின்படி வருவது. உள்ளாட்சி அமைப்புகளைக் கலந்துபேசித்தான் மாநில அரசு அறிவிக்க முடியும். மக்கள் தாங்களாகவே ஏற்றுக்கொள்ளும் கட்டுப்பாடுகளைத் தவிர, ஏற்கெனவே இருக்கும் வழக்கங்களுக்குத் தடை வரக்கூடாது என்று தேசியப் பல்லுயிர் ஆணையத்தின் வழிகாட்டுதல் சொல்கிறது.

இந்தியாவில் இப்படி முதலில் அறிவித்தது 2007இல், பெங்களூருக்குப் பக்கத்தில் தேவனஹள்ளி நல்லூரின் புளியந்தோப்பு. தமிழ்நாட்டில் அரிட்டாபட்டிக்கு அடுத்து 2025இல் திண்டுக்கல் மாவட்டம் காசம்பட்டியின் கோயில் காடு. எல்லாமே மக்கள் புழங்கிக்கொண்டே காத்துவந்த இடங்கள். மனிதர்களை வெளியேற்றினால்தான் இயற்கை பிழைக்கும் என்ற எண்ணம் இங்கே செல்லாது. மடையைத் திறப்பவர், வரத்துக்கால்வாயைத் தூர்வாருபவர், மலைச்சாமிக்குப் பொங்கல் வைப்பவர் இல்லாமல் அரிட்டாபட்டி இல்லை.

அதான் டங்ஸ்டன் திட்டம் ரத்தாயிடுச்சே, இனி என்ன பயம்?

நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். நாயக்கர்பட்டி டங்ஸ்டன் தொகுதி என்ற பெயரில் சுமார் 20 சதுர கிலோமீட்டர் பரப்பை மத்திய அரசு ஏலம் விட்டு, 2024 நவம்பரில் இந்துஸ்தான் ஜிங்க் நிறுவனத்துக்கு ஏலம் முடிந்தது. பாரம்பரியத் தலத்தின் பகுதியும் அதற்குள் இருந்தது. சுற்றுப்பட்டு ஊர்களின் கிராமசபைகள் எதிர்த்தன. டிசம்பர் 9ஆம் தேதி சட்டமன்றம் தீர்மானம் நிறைவேற்றியது. 2025 ஜனவரி 7ஆம் தேதி நரசிங்கம்பட்டியிலிருந்து மதுரையை நோக்கி ஆயிரக்கணக்கானோர் நடந்தார்கள். ஜனவரி 23ஆம் தேதி ஏலத்தை ரத்து செய்வதாக மத்திய அரசு அறிவித்தது. அதற்கு முன்பே மேலூர் வட்டாரத்தில் கிரானைட் குவாரிகள் குன்று குன்றாகத் தின்றுகொண்டிருந்த காலத்திலும் இந்த ஊர் தன் மலையை விட்டுக்கொடுக்கவில்லை.

குவாரி வந்தால் வெடிச்சத்தம் கேட்கும், ஊர் திரளும். பார்வையாளர் கூட்டத்தால் வரும் கேடு சத்தம் இல்லாமல் வரும். ஒரு பெயர்க் கிறுக்கல், ஒரு பிளாஸ்டிக் தாள், ஒரு கைவிடப்பட்ட கூடு. எந்த ஒன்றுக்காகவும் யாரும் ஊர்வலம் போக மாட்டார்கள். எனக்கு இருக்கும் கவலை அதுதான்.

நீலகிரி மாதிரி இ-பாஸ் வெச்சா சரியாப் போயிடுமே?

உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் வந்தது. மறு ஆண்டு நீலகிரிக்கு வாரநாளில் 6,000, வார இறுதியில் 8,000 வாகனங்கள் என்று எண்ணிக்கையும் வந்தது. அங்கே மலைப்பாதையில் சோதனைச்சாவடி வைத்து எண்ண முடியும். அரிட்டாபட்டிக்கு எந்த வயல் வரப்பிலிருந்தும் வரலாம். எண்ணிக்கையைவிட நேரமும் பாதையும்தான் இங்கே முக்கியம் என்று நினைக்கிறேன். குஞ்சு பொரிக்கும் காலத்தில் கூடு இருக்கும் பாறைப் பக்கம் போகாமல் இருப்பது, குகைத்தளத்துக்குள் ஒரு நேரத்தில் ஐந்தாறு பேர் மட்டும் நுழைவது, ஊர்க்காரரோடுதான் ஏறுவது. இந்த மூன்றையும் கிராமசபையே முடிவு செய்து பலகை வைத்தால் பாதிப் பிரச்சினை தீரும். பல்லுயிர்ச் சட்டத்தின் 41ஆவது பிரிவின்படி ஒவ்வோர் உள்ளாட்சியிலும் இருக்க வேண்டிய பல்லுயிர் மேலாண்மைக் குழு அதைச் செய்யலாம்.

சிவகங்கை மாவட்டம் கொள்ளுகுடிப்பட்டியைப் பாருங்கள். வேட்டங்குடிப் பறவைகள் சரணாலயத்துக்காகத் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை என்று ஊரே கட்டுப்பட்டிருக்கிறது. எந்த இ-பாஸும் அதைச் சாதித்திருக்காது.

ரிசார்ட், ரோப்கார் வந்தா ஊர்ப் பிள்ளைகளுக்கு வேலை கிடைக்குமில்ல? நீங்க ஏன் தடுக்கறீங்க?

வேலை வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக்கருத்து இல்லை. ஆனால் கணக்கைப் பார்ப்போம். இருபது அறை கொண்ட விடுதிக்கு ஆழ்துளைக் கிணறு வேண்டும். இந்தப் பாறை நிலத்தில் தண்ணீர் வெடிப்புகளில் மட்டுமே ஓடும். ஒரு இடத்தில் உறிஞ்சினால் பக்கத்துக் கிணறு வற்றும். ஊர்ப் பிள்ளைக்கு அங்கே கிடைப்பது பெரும்பாலும் காவல் வேலையும் துப்புரவு வேலையும்தான், லாபம் வெளியே போகும். வழிகாட்டுவது, மதியச் சாப்பாடு போடுவது, ஊரில் விளைந்ததை விற்பது ஆகியவற்றில் காசு நேராகக் கைக்கு வரும், கூடுதல் கட்டடமும் வேண்டாம்.

நுழைவுக் கட்டணம் பற்றியும் கேட்கிறார்கள். வாங்கலாம், ஆனால் அந்தப் பணம் ஊராட்சியின் கணக்குக்கு வந்து, கண்மாய்க்கும் வழிகாட்டிகளுக்கும் செலவாகிறது என்பது கிராமசபையில் வாசிக்கப்பட வேண்டும். இல்லையென்றால் "காசு கொடுத்துட்டேன், என்ன வேணா செய்வேன்" என்கிற மனநிலை மட்டும்தான் மிஞ்சும்.

இப்படி எழுதறதே கூட்டத்தைக் கூட்டாதா? பேசாம விட்டா நல்லதுதானே?

பலமுறை யோசித்த விஷயம். யாருக்கும் தெரியாத குன்றை உடைப்பது எளிது. சுற்றுவட்டாரத்தில் எத்தனையோ குன்றுகள் அப்படித்தான் காணாமல் போயின. டங்ஸ்டன் ஏலத்தின்போது இந்த ஊருக்காகச் சென்னையிலும் கோவையிலும் குரல் எழுந்ததற்குக் காரணம், பறவை பார்ப்பவர்களும் கல்வெட்டு வாசிப்பவர்களும் முன்பே இங்கே வந்து போயிருந்ததுதான். ஆகவே ஊரைப் பற்றி எழுதுங்கள், கல்வெட்டைப் பற்றி எழுதுங்கள். கூட்டின் இடத்தை, தெய்வாங்கு தங்கும் மரத்தை மட்டும் எழுதாதீர்கள். படத்தில் தானாகப் பதிவாகும் இருப்பிடத் தகவலையும் பகிரும் முன் நீக்கிவிடுங்கள்.

பாறையில யாராவது பெயிண்ட்ல பேர் எழுதறதைப் பார்த்தா என்ன செய்யறது? ஏற்கெனவே எழுதினதை நாங்களே அழிச்சிடலாமா?

சண்டைக்குப் போகாதீர்கள். பெரும்பாலானவர்கள் "இது கல்வெட்டு இருக்கிற பாறை" என்று சொன்னதுமே நிறுத்திவிடுவார்கள். கேட்காவிட்டால் ஊர்க்காரர்களிடம் சொல்லுங்கள். மத்திய அரசின் 1958ஆம் ஆண்டுத் தொல்லியல் சட்டப்படி, பாதுகாக்கப்பட்ட சின்னத்தைச் சேதப்படுத்தினால் இரண்டு ஆண்டு வரை சிறை, ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.

ஏற்கெனவே எழுதியதை நீங்கள் அழிக்க வேண்டாம். தின்னரும் கம்பி பிரஷ்ஷும் பெயிண்ட்டோடு சேர்த்துப் பாறையின் மேல்தோலையும் எடுத்துவிடும். அதன் கீழே மங்கிய எழுத்தோ ஓவியமோ இருந்தால் அதுவும் போய்விடும். தேதி தெரியும்படி படம் எடுத்து, எந்தக் குன்றில் எந்தப் பக்கம் என்று எழுதி, ஊராட்சிக்கும் தொல்லியல் துறைக்கும் மனுவாகக் கொடுங்கள். திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர் கூட்டத்திலும் கொடுக்கலாம். ரசீதை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், பிறகு விசாரிக்க அது உதவும்.